முயற்சிச் சான்றிதழ்

கிருஷ்ணகிரி புறவழிச்சாலைக் கல்லூரியில்
அலுவலக எழுத்தர் ஜெயவேலு
என் படிப்பை ஒரு முழுநீளத் தாளில்
கோடு போட்டுப் பிரிக்கிறார்.

மருந்தியல்: இரண்டு.
வாய் நோய்க்குறியியல்: மூன்று.
மற்றதெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று.
அந்த ஒன்றுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
நாக்கு எப்போதும்
ஓட்டை விழுந்த இடத்துக்குத்தான் போகும்.

வாய்மொழித் தேர்வில்
வெளித்தேர்வாளர் கேட்டது சுலபமான கேள்வி:
ஃபுளோரைடு கறை, அதன் படிநிலைகள்.
பென்னாகரம் பக்கம் ஆழ்துளைத் தண்ணீர் குடித்து
பழுப்புக் கோடு ஓடிய முன்பற்களோடு
பாடநூல் படமாகவே உட்கார்ந்திருந்தேன்.
பதில் தெரியும்.
வாயைத் திறந்தால் பதிலுக்கு முன் பல் தெரியும்.
"தெரியாது சார்" என்றேன்,
அதையும் கையால் மூடிக்கொண்டு.

ஆறு மாதம் அதற்கு விலை.
இன்னொரு ஆறு மாதம்
அந்த ஆறு மாதத்தை வீட்டில் சொல்லாததற்கு.

பயிற்சிக் காலத்தில், தர்மபுரி பெரியாஸ்பத்திரி,
ஒரு ராத்திரி தொப்பூர் கணவாயிலிருந்து
லாரி கிளீனர் சித்துராஜைக் கொண்டுவந்தார்கள்.
கீழ்த்தாடை மூன்று துண்டு.
நான் செய்தது கன்னத்தை இழுத்துப் பிடித்தது மட்டும்,
இரண்டே கால் மணி நேரம்.
கம்பியை முறுக்க முறுக்க
மேல்பல்லும் கீழ்ப்பல்லும்
தங்கள் பழைய கடியைக் கண்டுபிடித்தபோது
சின்னதாய் ஒரு டக்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.

உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்துக் கிடந்தவன்
பிறகொரு நாள் வெளிநோயாளி வாசலில் நின்று
எனக்குக் காட்டவென்றே
மசால்வடையைக் கடித்தான்.

முதல் நீட் எம்.டி.எஸ்: கட்ஆஃபுக்குக் கீழே பதினேழு மதிப்பெண்.
இரண்டாவதில் மேலே வந்தேன். தரவரிசைதான்
பாலக்கோட்டு மண்டித் தக்காளி விலை மாதிரி,
பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை.
"கெடைக்கிற பிரிவ எடும்மா, சர்ஜரி உனக்கெதுக்கு"
என்றார் கிளினிக் வைத்திருக்கும் தாமோதரன்.
பன்னிரண்டாயிரம் சம்பளத்தில்
அறிவுரையும் அடக்கம்.
கூடப் படித்த ஆஷிகா பர்வீன்
கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால்
எம்.டி.எஸ் அச்சடித்திருந்தாள்.
நான் போகவில்லை. மொய் மட்டும் ஜிபே.

பல் சுத்தம் செய்ய வந்தவருக்கும்
வேர் சிகிச்சைக்காரருக்கும் நடுவே
ஒன்பது நிமிஷம். சில நாள் பதினொன்று.
கரண்ட் போனால் கம்ப்ரஸர் நிற்கும், நல்லது,
போன் வெளிச்சத்தில் முகநரம்பின் கிளைகள்.
மூன்றாம் முறை வாய் நோய்க்குறியியலைத்தான்
முதலில் எடுத்தேன்.
துரத்தின வீட்டுக்கு
முன்வாசல் வழியாகவே போவதென்று.

வந்தது ஒன்றும் பெரிய ரேங்க் இல்லை.
கடைசிச் சுற்றில், யாரோ வேண்டாமென்று விட்ட இடம்,
வாய் முகத்தாடை அறுவை,
இரவு பதினொன்றே முக்காலுக்குத் திரையில்.
வெளியே தக்காளிப் பெட்டிகள்
லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.
யாரை எழுப்பிச் சொல்வதென்று தெரியாமல்
பல் விளக்கினேன்,
கண்ணாடியைப் பார்த்து.

சேர்வதற்கு இந்தத் தாள் வேண்டுமாம்.
"மூணுன்னு போடணுமாம்மா?
கொஞ்சம் தெளிவில்லாம எழுதிடட்டுமா?"
ஜெயவேலு இரக்கப்படுகிறார்.
"மூணுன்னே போடுங்க சார்.
எண்ணாலும் எழுத்தாலும்."

முத்திரை குத்துகிறார், ஊதுகிறார்,
நீட்டுவதற்கு முன் குரலைத் தாழ்த்தி
வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.
போன் விளக்கில் பார்க்கிறேன்:
ஞானப்பல். பக்கத்துக் கடைவாய்ப் பல்லில்
தலைமுட்டிப் படுத்திருக்கிறது.

"ஒரே தடவைல வந்துடுமா?"

"இது அப்படி வராது சார்.
எலும்பக் கொஞ்சம் ஒதுக்கி
ரெண்டா மூணா வெட்டித்தான் எடுக்கணும்."

திறந்த வாயை மூட மறந்து
அவர் ஒருமுறை
தான் எழுதிய தாளைப் பார்க்கிறார்.